பெயரறிதலும் பொருளறிதலும்

ஒரு செடியின் பெயரை அறிந்தவர் அச்செடியையே அறிந்தவராவாரா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்க்கும்போது இலக்கணத்தைச் சார்ந்ததாகத் தோன்றினாலும், அறிவு என்பது யாது, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்று ஆராயும் மெய்ப்பொருளியலுக்கே அது உரியது. மருத்துவத்தில் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து ஒரு நோயாளியின் உயிர் நிற்கும் அல்லது போகும் என்பதால், மற்றத் துறைகளில் போல அதை ஏட்டளவில் விட்டுவைக்க இயலாது. மூலிகைகளின் தாவரவியற் பெயரும் மக்கள் வழங்கும் பெயரும் ஒன்றுக்கொன்று போட்டியானவை என்றும், முன்னது அறிவியல், பின்னது வழக்கம் என்றும் எளிதாகப் பிரித்துவிடும் போக்கு பரவலாக இருப்பதால், இவ்வினாவை அடியிலிருந்து எடுத்து ஆராய வேண்டியுள்ளது.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில், வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒன்றையொன்று நெருங்கி வரும் மணற்பாங்கான நிலத்தில் அமைந்த உச்சிப்புளி, தன் பெயரிலேயே ஒரு மரத்தைத் தாங்கிய ஊர். தமிழில் புளி என்னும் ஒரே சொல் மரத்துக்கும், அதன் பழச்சதைக்கும், அறுசுவையுள் ஒன்றுக்கும் பெயராகிறது. மண்ணும் தீயும் கூடிப் பிறப்பது புளிப்பு என்று சித்த மருத்துவம் வகுத்திருப்பதால், அச்சொல்லைச் சொன்ன அளவிலேயே அம்மரம் ஐம்பூதக் கொள்கையில் தனக்குரிய இடத்தில் அமர்ந்துவிடுகிறது. அதன் தாவரவியற் பெயராகிய தமரிண்டஸ் இண்டிகா வேறொரு வரலாற்றைச் சொல்கிறது. கருத்துப் பிசுபிசுத்த பழச்சதையைக் கண்ட அரபு வணிகர், தாம் நன்கறிந்த பேரீச்சையோடு அதை ஒப்பிட்டுத் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றழைத்தனர். அதையே பேரினப் பெயராகக் கொண்ட சுவீடன் நாட்டுத் தாவரவியலார் கார்ல் லின்னேயஸ், இந்தியாவுக்குரியது எனப் பொருள்படும் இண்டிகா என்பதைச் சிற்றினப் பெயராகச் சேர்த்தார். இவ்வாறு இந்தியா என்பது இருமுறை பதிந்த பெயரைத் தாங்கி நிற்கும் அம்மரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா; பேரீச்சையோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. பெயர் பிழைபட்டிருந்தும் அது சுட்டும் மரத்தில் எவருக்கும் ஐயம் எழவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது, ஏனெனில் பெயரின் பொருள் வேறு, பெயர் சுட்டும் பொருள் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இந்த வேறுபாட்டை இக்கடற்கரையோடு பிணைந்த இராமாயணமே ஓர் இடத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியிருக்கிறது. போர்க்களத்தில் இலக்குவனும் வானரப் படையும் வீழ்ந்து கிடக்க, சாம்பவான் அனுமனிடம் நான்கு மூலிகைகளைக் கொண்டுவரச் சொல்கிறான். இறந்தாரை எழுப்புவது மிருதசஞ்சீவனி, தைத்த அம்பைக் களைவது விசல்யகரணி, போன நிறத்தை மீட்பது சாவர்ண்யகரணி, முறிந்த எலும்பைப் பொருத்துவது சந்தானகரணி. அனுமன் மலையை அடைகிறான். ஆனால் அவனைக் கண்ட மூலிகைகள் தம்மை மறைத்துக்கொண்டன என்று வான்மீகி கூறுகிறார். ஒன்றையும் பிரித்தறிய இயலாத நிலையில் அவன் மலையையே பெயர்த்தெடுத்து வருகிறான். கம்பர் இந்நிகழ்ச்சிக்கு மருத்துமலைப் படலம் என்று ஒரு படலத்தையே ஒதுக்கியிருக்கிறார். இக்கடற்கரையோடு அக்காப்பியத்துக்கு உள்ள பிணைப்பின் அடையாளமாக, இராமேசுவரம் தீவில் அடியார் இன்றும் ஏறி இராமர் பாதத்தை வணங்கும் மேட்டுக்குக் கந்தமாதன பருவதம் என்ற பெயர் வழங்குகிறது.

அனுமன் கல்வியில் குறைந்தவனல்லன்; நவ வியாகரணமும் கற்றவன் என்றே மரபு அவனைப் போற்றுகிறது. நான்கு பெயர்களும் அவனுக்குத் தெரியும், அவற்றின் சொற்பொருளும் தெரியும். எனினும் அப்பெயர்கள் நான்குமே பயனைக் கூறுகின்றனவேயன்றி இலையின் வடிவையோ பூவின் நிறத்தையோ கூறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் பாகுபாட்டில் இவை காரணப்பெயர்கள், அதாவது ஏதேனும் ஒரு காரணம் பற்றிப் பொருளுக்கு வந்த பெயர்கள். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய மரம், பனை போன்றவை இடுகுறிப்பெயர்கள். காரணப்பெயர் பொருளைப் பற்றி ஏதோ ஒன்றை அறிவிப்பதால் அது இடுகுறியைவிட உயர்ந்தது என்று தோன்றக்கூடும். சஞ்சீவியின் கதை அவ்வெண்ணத்தை மறுக்கிறது: எத்துணைப் பயன் நிறைந்த பெயராயினும், இதுதான் அது என்று விரல் நீட்டிக் காட்ட ஒருவர் இல்லாதவிடத்து, அப்பெயர் மலைக்கு வழி காட்டுமேயன்றிச் செடிக்கு வழி காட்டாது. 2009ஆம் ஆண்டில் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, சஞ்சீவனி என்ற சொல்லையும் அதன் வடிவங்களையும் இந்திய மொழிகளின் வட்டாரத் தாவரப் பெயர்களுக்குள் தேடிச் சென்று, உவர்நிலத்தில் வளரும் கிரெசா கிரெட்டிகா, வாடிச் சுருண்டு நீர் பட்டதும் விரியும் செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ் முதலியவற்றைப் பரிசீலித்தது. அனுமனின் இக்கட்டு இன்னும் தீரவில்லை.

ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதில் இந்தியத் தத்துவ மரபுகள் நீண்ட வாதம் நிகழ்த்தியுள்ளன. நியாய சூத்திரம், சொல்லானது தனிப்பொருளாகிய வியக்தியையும், வடிவாகிய ஆகிருதியையும், இனமாகிய ஜாதியையும் சேர்த்தே குறிக்கும் என்று முடிவு செய்கிறது. தாவரவியலின் பெயரிடு முறை, தானறியாமலேயே, இம்மூன்றையும் ஒரு பெயருக்குள் வைத்திருக்கிறது. 1753ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பீசீஸ் பிளாண்டாரம் என்னும் நூலில் ஏறத்தாழ 6000 தாவரங்களுக்கு லின்னேயஸ் நிலைநிறுத்திய ஈருறுப்புப் பெயரில் முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கின்றன, இது ஜாதி. அப்பெயரோடு வெளியிடப்படும் விளக்கமும் வரைபடமும் ஆகிருதி. பிற்கால விதிகளின்படி ஒவ்வொரு பெயரும், ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓரிடத்தில் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டி உலர்தாவரச் சாலையில் காக்கப்படும் வகைமாதிரியோடு பிணைக்கப்படுகிறது; அது வியக்தி. விளக்கத்தில் பிழையிருந்தாலும் பெயரின் பொருள் மாயாததற்குக் காரணம், பெயர் விளக்கத்தைப் பற்றி நில்லாமல் உலர்ந்த அந்த ஒரு செடியைப் பற்றி நிற்பதுதான். சாம்பவான் அனுமனுக்குக் கொடுக்கத் தவறியது அத்தகைய ஒரு மாதிரியையே.

பௌத்த அளவையியலில் வேறொரு விடை உண்டு. காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று பௌத்த மரபு கூறும் திக்நாகர், சொல் எதையும் நேராகத் தொடுவதில்லை, அதுவல்லாத பிறவற்றை விலக்குவதன் மூலமே பொருளைக் குறிக்கிறது என்றார். இது அபோகக் கொள்கை எனப்படும். ஏட்டில் படிக்கும்போது மிகை நுட்பமாகத் தோன்றும் இக்கொள்கை, தாவரவியலாரின் கையில் அன்றாடக் கருவியாகியிருக்கிறது. காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரவளம் போன்ற நூல்களில் உள்ள இனங்காண் திறவுகோல், இலைகள் எதிரெதிராக உள்ளனவா அல்லனவா, பூவிதழ்கள் இணைந்தனவா அல்லனவா என்று ஈரிரண்டாகக் கேட்டு, அல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்று, எஞ்சிய ஒன்றுக்குப் பெயர் சொல்கிறது. அனுபவம் மிக்க நாட்டு வைத்தியரும் மாணவனுக்குக் கற்பிக்கும்போது இதையே செய்கிறார்; காய் இலைக்குக் கீழே வரிசையாக இருந்தால் கீழாநெல்லி, இல்லாவிட்டால் வேறு என்று விலக்கியே காட்டுகிறார்.

கீழாநெல்லியின் வரலாறு இக்கட்டுரையின் மையத்துக்கு உரியது. மஞ்சள் காமாலைக்குத் தென்னாட்டில் நெடுங்காலமாக வழங்கும் இச்சிறு செடியின் பெயர், நெல்லி போன்ற இலையமைப்பையும் இலைக்குக் கீழ்க் காய்க்கும் இயல்பையும் சேர்த்துச் சொல்லும் அழகிய காரணப்பெயர். மலபாரின் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் துணையோடு தொகுக்க, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலில் இது கிர்கானெலி என்று இடம்பெற்றது. லின்னேயஸ் இச்செடியை அமெரிக்கச் செடி ஒன்றோடு சேர்த்து பில்லாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரிட்டார். நிரூரி என்பதோ மலையாளத்தில் பூலாச் செடிக்குரிய பெயர். இரண்டு நூற்றாண்டுக் காலம் இந்திய மருந்து நூல்கள் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதிவந்தன. பின்னரே, நிரூரி அமெரிக்காவுக்குரியது என்றும், நம் வயல் வரப்பில் வளர்வதில் பெரும்பகுதி பில்லாந்தஸ் அமாரஸ் என்றும், டெபிலிஸ் முதலிய உறவுச் செடிகளும் அப்பெயரில் பறிக்கப்படுகின்றன என்றும் தெளிவாயிற்று.

1988ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர், கல்லீரல் அழற்சி பி வைரஸைத் தாங்கியவர்களுக்குப் பில்லாந்தஸ் அமாரஸ் பொடியை 30 நாள் கொடுத்ததில், மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் அவ்வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்றும், வெற்று மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று என்றும் லான்செட் இதழில் அறிவித்தனர். உலகம் முழுதும் கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது. ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நிகழ்ந்த சோதனைகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை. காரணங்களை ஆராய்ந்தோர் எழுப்பிய முதல் வினாக்களுள் ஒன்று, சோதனைக்குட்பட்டோர் உண்டது அதே செடிதானா, அதே மண்ணில் வளர்ந்ததுதானா என்பது. சீனாவில் இப்பேரினத்தின் மூன்று சிற்றினங்களை ஒப்பிட்ட ஆய்வில் அவற்றின் விளைவு ஒன்றுபோல் இல்லை. ஆகவே கீழாநெல்லி கல்லீரலுக்கு நல்லது என்னும் ஒரு வாக்கியம், எந்தக் கீழாநெல்லி என்று கேட்கப்படும் வரையில் முழுமையான அறிவாகாது. அவ்வாறு கேட்பது மரபின்மேல் கொண்ட அவநம்பிக்கை என்று எண்ணுவது பெருந்தவறு.

பெயரின் பிழை கொல்லும் என்பதற்கும் சான்று உண்டு. ஆடு தொடாத செடி என்பதால் ஆடாதோடை என்றும், ஆடு தின்னாத பாளை என்பதால் ஆடுதின்னாப்பாளை என்றும் தமிழில் இரு செடிகளுக்குப் பெயர் அமைந்திருக்கிறது. ஆடாதோடையின் பெயரை லின்னேயஸ் அப்படியே எடுத்து ஜஸ்டிசியா அடதோடா என்று வைத்தார்; அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் காரப்பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்க இன்று உலகெங்கும் வழங்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. கரிசல் நிலத்தில் படரும் ஆடுதின்னாப்பாளையோ அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சார்ந்தது. கிரேக்க மொழியில் நற்பேற்றுக்கு உதவுவது என்று பொருள்படும் அப்பேரினப் பெயர், பண்டை ஐரோப்பியர் அதைப் பிரசவ மருந்தாகக் கொண்டதன் எச்சம். அப்பேரினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் ஆகும் என்று இன்று ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்குச் சீன மூலிகைப் பொடி உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெபானியா என்னும் கொடியின் வேருக்குப் பதிலாக, சீனத்தில் ஏறக்குறைய அதே பெயர் வழங்கும் அரிஸ்டோலோக்கியாவின் வேர் கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் வெளிப்பட்டது. ஹான் ஃபாங் ஜி, குவாங் ஃபாங் ஜி என்னும் இரு பெயர்களுக்கு இடையே ஒரு முன்னொட்டுதான் வேறுபாடு.

கிரேக்கப் பெயர் நம்பிக்கையைப் பதிந்தது, தமிழ்ப் பெயர் ஆட்டின் விலகலைப் பதிந்தது. பின்னதில் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அதே எச்சரிக்கை ஆடாதோடையிலும் இருப்பதால், ஆடு விலகுவது கொல்லும் நஞ்சாலா வெறுங் கசப்பாலா என்பதைப் பெயர் மட்டும் கொண்டு துணிய வழியில்லை. சொல்லின் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மக்கள் வழக்குப் பெயர் நிலையற்றது, தாவரவியற் பெயர் நிலையானது என்பதும் பாதி உண்மையே. முள் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அகேசியா, நைல் நதிக்கரைக் கருவேலுக்கே முதலில் உரியது. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலியச் செடிகளுக்கு ஒதுக்கியதால், நம் கருவேல் வச்செல்லியா நிலோட்டிகா ஆயிற்று, இராமேசுவரம் மணற்பரப்பில் குடை விரித்து நிற்கும் உடைமரம் வச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ் ஆயிற்று. கருவேலம்பட்டையால் பல் துலக்கியவர்க்கும் உடைமர நிழலில் ஆடு மறித்தவர்க்கும் இம்மாற்றம் எட்டவே இல்லை. தொல்காப்பிய மரபியல் பனையை மரமென்னாது, புறத்தே வயிரமுடையது என்பதால் புல்லென்றே வகுத்திருப்பதையும், ஒருவித்திலைத் தாவரம் என்ற வகையில் இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லின் பக்கமே வைப்பதையும் சேர்த்து நோக்கும்போது, வகைப்பாட்டுக் கண் ஐரோப்பாவில்தான் திறந்தது என்று கருதுவதற்கு இடமில்லை. உச்சிப்புளியைச் சூழ்ந்த பனங்காடுகளில் ஏறி இறங்கியவர் எவருக்கும் அப்புறவயிரம் கையறிந்த உண்மை.

கடலோர மணலைப் பிணைத்துப் படரும் அடம்பங்கொடிக்கு லின்னேயஸ் இட்ட சிற்றினப் பெயர் பெஸ்-காப்ரே, ஆட்டின் கால். குறுந்தொகையின் நெய்தற் பாட்டொன்று அதே பிளவுபட்ட இலையை மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரு கண்கள் ஒரே வடிவைக் கண்டு ஏறக்குறைய ஒரே உவமையை அடைந்தது வியப்புக்குரியது. பெயர் முழுதும் மனத்தின் கற்பனை என்னும் வாதத்துக்கு இது தடையாக நிற்கிறது. பொருளின் வடிவமும் பெயரை ஓரளவு ஈர்க்கவே செய்கிறது. சொறிமீன் பட்ட எரிச்சலுக்கு இதன் இலையைக் கசக்கிப் பூசும் கடலோர வழக்கம் தாய்லாந்தில் ஆய்வுக்கூடத்திலும் ஆராயப்பட்டுள்ளது.

ஆயினும் பெயரின் தன்மையை வேறெதையும்விட நன்கு விளக்குவது, இதே மணலில் வேரூன்றும் ஒரு சிறு பூண்டு. ஓல்டன்லாந்தியா அம்பெல்லாட்டா என்னும் அதற்குச் சாயவேர் என்றும் இம்பூறல் என்றும் தமிழில் இரு பெயர். வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருளால் துணிக்குச் செந்நிறம் ஏற்றியோர் சாயவேர் என்றனர். இருமலோடு குருதி வரும் நோய்க்கு அதைக் குடிநீராக்கிய வைத்தியர் இம்பூறல் என்றனர். மன்னார்ப் பகுதியில் டச்சுக்காரர் இவ்வேரைத் தோண்டும் உரிமையைத் தம் கைக்குள் வைத்திருந்த அளவுக்கு அது மதிப்புடையதாயிருந்தது. 1860களின் இறுதியில் செயற்கை அலிசரின் செய்யும் வழி ஜெர்மனியில் கண்டறியப்பட்ட பின்னர் சாயத்தொழில் சாய்ந்தது. அதோடு சாயவேர் என்னும் பெயரும் மங்கிற்று. நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் மட்டும் இன்னும் கேட்டு வாங்கப்படுகிறது. செடி அதே செடி, வேர் அதே வேர். ஓர் உறவு அற்றதும் அவ்வுறவின் பெயர் அற்றது. தாவரவியற் பெயர் ஒரு செடி பிற செடிகளோடு கொண்ட உறவைச் சொல்கிறது, மக்கள் வழக்குப் பெயர் அச்செடி மனிதரோடு கொண்ட உறவைச் சொல்கிறது என்பதே இவ்வாராய்ச்சியில் துணியத்தக்க முடிவு. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகளாதலால் ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

வேதாந்தம், நாமமும் ரூபமும் மேலான உண்மையல்ல, மண்ணை அறிந்தால் மட்கலம் அனைத்தும் அறியப்படும் என்று சாந்தோக்கிய உபநிடத வழியில் கற்பிக்கிறது. சைவமோ, பெயரும் உருவும் இல்லாத இறைவனையே ஆயிரம் பெயரிட்டுப் பாடி அணுகுகிறது. மருத்துவனுக்கு உரியது இரண்டாம் வழியே. எல்லாச் செடியும் ஒரே மண்ணின் திரிபு என்ற அறிவு துறவிக்கு அமைதி தரலாம். ஸ்டெபானியாவையும் அரிஸ்டோலோக்கியாவையும் பிரித்தறிய அது உதவாது. நாமரூபத்துள் நின்று, பெயர்தோறும் பொருளைத் தேடி, பிழையற அறிவதும் ஒரு வழிபாடே என்று கொள்வதில் குற்றமில்லை. தரங்கம்பாடிக்கு 1776இல் வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பி, முதுமையில் தமிழ் – ஆங்கில அகராதியும் தொகுத்த யோகான் பீட்டர் ராட்லரும், காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே சித்த மருத்துவச் சொற்களுக்குப் பேரகராதி செய்து 1931 முதல் வெளியிடத் தொடங்கிய டி. வி. சாம்பசிவம் பிள்ளையும் அவ்வழிபாட்டைச் செய்தவர்கள்.

அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், இராமேசுவரம் ஊர்களில் செடியைக் கண்டு பெயர் சொல்லவும் பெயரைக் கேட்டுச் செடியைக் காட்டவும் வல்ல முதியோர் இன்னும் உள்ளனர். இப்பகுதிப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரித் தாவரவியல் துறையினரும் அவர்களோடு ஒரு நாள் நடந்து, பூவும் காயும் கூடிய ஒரு கிளையைச் செய்தித்தாளிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, தாளின் ஓரத்தில் அவர்கள் சொன்ன பெயரையும், அப்பெயர் வழங்கும் ஊரையும், அவர்கள் சொன்ன பயனையும், பறித்த நாளையும் எழுதி, தாவரவியற் பெயரைத் தக்காரிடம் கேட்டு அதன் கீழே குறித்து வைக்க வேண்டும்.